கோயம்பேட்டிலிருந்து கூவம் வரை: ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுக்கு என்ன செய்கிறது?

கோயம்பேடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் கூவத்தில் சேர்கிறது. நெசப்பாக்கம் நிலையத்தின் நீர் அடையாற்றுக்குப் போகிறது. கொடுங்கையூருக்குப் பக்கிங்காம் கால்வாய். பெருங்குடிக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் இந்த நான்கு பெரிய நிலையங்களும் பல ஆண்டுகளாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் கூவம் கறுப்பாகத்தான் இருக்கிறது. நிலையங்கள் வேலையே செய்வதில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒழுங்காக இயங்கும் நாளில் நிலையத்தின் வாயிலில் விழும் நீர், அதை வாங்கிக்கொள்ளும் ஆற்றைவிடத் தெளிவாக இருக்கும். நிலையம் எதை எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது, எது நிலையத்துக்கு வந்தே சேருவதில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆற்றின் நிலை புரியும்.

பி.ஓ.டி. என்றால் என்ன

கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மீதமுள்ள சிறு பங்கில் மலம், உணவுத் துணுக்கு, எண்ணெய், சோப்பு, சிறுநீரிலிருந்து வரும் யூரியா எல்லாம் இருக்கின்றன. இவை ஆற்றில் விழுந்தால் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கும். தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் உள்ள கழிவைத் தின்ன எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. மாதிரி நீரைக் குப்பியில் அடைத்து 20 டிகிரியில் 5 நாள், அல்லது நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள் இருட்டில் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள்.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக 200 முதல் 300 மி.கி. இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் தூய நீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. மட்டுமே. அதாவது 250 பி.ஓ.டி. உள்ள ஒரு லிட்டர் சாக்கடை நீர், 33 லிட்டர் நல்ல ஆற்று நீரின் ஆக்சிஜன் முழுவதையும் காலி செய்யும். மீன்கள் நலமாக வாழ 4 அல்லது 5 மி.கி.யாவது வேண்டும்.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் பாக்டீரியாக்கள் ஓய்வதில்லை. வேறு வகைகள் தலையெடுத்து, நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது. இந்த சல்ஃபைடு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம் வரும். கூவத்தின் நிறத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம் ஒன்றேதான்: ஆக்சிஜன் இல்லாமை.

நிலையத்துக்குள் நடப்பது

சென்னை தட்டையான ஊர். குழாய் சரிவிலேயே கழிவுநீர் முழுத் தூரமும் ஓடி வர வழியில்லை. அதனால் ஆங்காங்கே உந்து நிலையங்கள் மேலே ஏற்றி அனுப்புகின்றன. நிலையத்துக்கு வந்ததும் முதலில் கம்பிச் சல்லடை. பெரிய சல்லடையில் கம்பிகளுக்கு இடையே 25 முதல் 50 மி.மீ. இடைவெளி, அடுத்த நுண்சல்லடையில் 6 மி.மீ. நாப்கின், துணி, ஷாம்பு பாக்கெட், தலைமுடி ஆகியவை இங்கே சிக்கும். சிக்காமல் தப்புவது பம்பின் சுழல்தட்டில் சுற்றிக்கொண்டு பம்பையே நிறுத்திவிடும்.

அடுத்தது மணல் தொட்டி. நீரின் வேகத்தை விநாடிக்கு 0.3 மீட்டர் அளவில் வைத்தால் 0.2 மி.மீ. மணல் கீழே படியும், மலத்துகள் மிதந்து கடந்துவிடும். இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். இங்கே பிடிபடாத மணல் பம்புகளை அரிக்கும். தொட்டிகளில் படியும் சேறான கசட்டைச் செரிக்கவைக்கும் தொட்டியின் அடியிலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அதன் கொள்ளளவை விழுங்கிவிடும். பிறகு தொட்டியைக் காலி செய்து தூர்வார மாதங்கள் ஆகும்.

முதல்நிலைத் தெளிவுத் தொட்டியில் நீர் 2 முதல் 2.5 மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. மிதக்கும் துகள்களில் பாதிக்குமேல் படிந்துவிடும், பி.ஓ.டி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். இதுவரை நடந்தது வெறும் வடிகட்டலும் படியவைத்தலும்தான். கரைந்திருக்கும் கழிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதை எடுக்கும் வேலை காற்றூட்டும் தொட்டியில் நடக்கிறது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கண்டறிந்த முறை இது. ஆற்றில் பாக்டீரியா பல நாள் எடுத்துச் செய்யும் வேலையை, நான்கைந்து மணி நேரத்தில் ஒரு தொட்டிக்குள் முடிக்கவைப்பதே உத்தி. அதற்கு இரண்டு தேவை: ஏராளமான பாக்டீரியா, தட்டுப்பாடில்லாத ஆக்சிஜன். தொட்டி நீரில் லிட்டருக்கு 2,000 முதல் 3,500 மி.கி. வரை உயிருள்ள கசடு, அதாவது பாக்டீரியாக் கூட்டம், மிதக்கும்படி வைத்திருப்பார்கள். நிலையத்தில் வேலை செய்பவர்கள் இதை எம்.எல்.எஸ்.எஸ். என்பார்கள். ஊதுபம்புகளோ நீர்ப்பரப்பில் சுழலும் விசிறிகளோ காற்றைச் செலுத்தி, கரைந்த ஆக்சிஜனை 1 முதல் 2 மி.கி. அளவில் வைத்திருக்கும். ஒரு நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதிக்குமேல் இந்தக் காற்றுக்கே செலவாகிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவரின் கை முதலில் போவதும் இந்தச் சுவிட்சுக்குத்தான். ஊதுபம்பை இரவில் சில மணி நேரம் நிறுத்தினால் காலையில் தொட்டி நாறத் தொடங்கும். பாக்டீரியாக் கூட்டத்தின் சேர்க்கையே மாறிவிட்டால் பழைய நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

கழிவைத் தின்று பெருகிய பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோன்ற சிறு திரள்களாகின்றன. இரண்டாம் தெளிவுத் தொட்டியில் இவை படிய, மேலே தெளிந்த நீர் வழிந்து வெளியேறும். படிந்த கசட்டின் பெரும்பகுதியைக் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கே பாக்டீரியாவின் எண்ணிக்கை குறையாமல் இருப்பது இதனால்தான். பெருகிய மிச்சத்தை மட்டும் நாள்தோறும் வெளியே எடுப்பார்கள். எவ்வளவு எடுப்பது என்பதில்தான் நிலையத்தை நடத்துபவரின் திறமை தெரியும். அதிகம் எடுத்தால் தின்ன ஆளில்லை. குறைவாக எடுத்தால் கசடு மூப்படைந்து, தொட்டியை நிறைத்து, விளிம்பில் வழிந்து நேராக ஆற்றுக்குப் போகும்.

கசடு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காற்றூட்டும் தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கசடு எத்தனை மில்லி லிட்டருக்குப் படிந்தது என்று பாருங்கள். அந்த எண்ணை, லிட்டருக்கு எத்தனை கிராம் கசடு இருந்ததோ அதனால் வகுத்தால் எஸ்.வி.ஐ. என்ற கசட்டுப் படிவுக் குறியீடு கிடைக்கும். 3 கிராம் கசடு 300 மி.லி.க்குப் படிந்தால் 100, நல்ல கசடு. அதே 3 கிராம் 750 மி.லி. வரை உப்பி நின்றால் 250. இழைபோல நீளும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்று பொருள். ஆக்சிஜன் குறைவு, எண்ணெய் மிகுதி, செப்டிக் டேங்க் லாரிகள் ஒரே நேரத்தில் கொட்டிய பழைய கழிவு ஆகியவை வழக்கமான காரணங்கள். வேறொரு கோளாறும் உண்டு: கசடு நன்றாகப் படிந்து, ஓரிரு மணி நேரத்தில் கட்டிகட்டியாக மேலே மிதந்து வரும். தொட்டியடியில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறிக் கசட்டைத் தூக்குவதால் இது நேர்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், மருந்து வேறு. மிதக்கும் கோளாறுக்கு, கசட்டை அது மேலே வருமுன் அடியிலிருந்து விரைவாக இழுத்து எடுத்தால் போதும். உப்பிய கசட்டுக்கு அதன் மூலக் காரணத்தைத் தேடிப் போக வேண்டும்.

கடைசியில் குளோரின். காற்றூட்டலும் படியவைத்தலும் சேர்ந்த இரண்டாம் நிலை முடிந்த நீரிலும் 100 மி.லி.க்கு லட்சக்கணக்கில் கோலிஃபார்ம் என்ற குடல்வாழ் கிருமிகள் இருக்கும். குளோரின் கலந்து அரை மணி நேரமாவது நிறுத்திவைத்தால்தான் எண்ணிக்கை விழும். நீரில் அமோனியா நிறைய இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து வலுவிழக்கும். கசட்டுத்துகள் கலந்திருந்தால் துகளுக்குள் இருக்கும் கிருமி தப்பிவிடும். முந்தைய படிகளில் விட்ட குறையைக் குளோரினை அள்ளிக் கொட்டிச் சரிசெய்ய முடியாது. அதிகமாகிப்போன குளோரின் ஆற்றில் மீனைக் கொல்லும்.

வெளியே எடுத்த கசடு மூடிய செரிப்புத் தொட்டியில் சுமார் 35 டிகிரியில் 20 முதல் 30 நாள் இருக்கும். வெளிவரும் வாயுவில் 60 சதவீதத்துக்கு மேல் மீத்தேன். சென்னையின் பெரிய நிலையங்கள் இதை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கின்றன. வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை முதலில் நீக்காவிட்டால் எஞ்சின் அரித்துப்போகும். செரித்த கசட்டைப் பிழிந்தால் வரும் நீரில் அமோனியா மிக அடர்த்தியாக இருக்கும். அது மறுபடியும் நிலையத்தின் தொடக்கத்துக்கே திரும்புகிறது. கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடுவதுண்டு.

சட்டம் சொல்லும் எண்ணும் ஆறு கேட்கும் எண்ணும்

2017இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, பெருநகரங்களில் வெளியேறும் நீரின் பி.ஓ.டி. 20 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது என்றது. மற்ற ஊர்களுக்கு 30. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் இது போதாது என்று கூறி 10 என்ற அளவைச் சொன்னது. ஆற்றில் மனிதர் குளிக்க வேண்டுமானால் ஆற்று நீரின் பி.ஓ.டி. 3க்குள்ளும், கரைந்த ஆக்சிஜன் 5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். 20க்கும் 3க்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டியது ஆற்றின் சொந்த நீர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.எல்.டி. என்பது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர். எம்.எல்.டி.யை மி.கி.யால் பெருக்கினால் நாளுக்கு எத்தனை கிலோ என்று கிடைத்துவிடும். வேறு எதையும் மாற்ற வேண்டாம். 2 பி.ஓ.டி. கொண்ட ஆற்று நீர் 200 எம்.எல்.டி. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமை 400 கிலோ. அதில் 20 பி.ஓ.டி. கொண்ட 60 எம்.எல்.டி. நீர் கலக்கிறது, சுமை 1,200 கிலோ. மொத்தம் 260 எம்.எல்.டி.யில் 1,600 கிலோ. கலந்தபின் பி.ஓ.டி. 6க்குச் சற்று மேல். சட்டத்தை மீறாத நீர்தான், ஆனாலும் ஆறு குளிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. 3க்குள் நிற்க வேண்டுமானால் மேலிருந்து 1,020 எம்.எல்.டி. நன்னீர் வர வேண்டும். விடும் நீரைப்போல 17 மடங்கு.

கூவத்தில் ஏப்ரல், மே மாதங்களில் அத்தகைய நன்னீர் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சில மாதங்களில் மேலிருந்து வரும் நீர் நின்றுவிடும். அப்போது நகரத்துக்குள் ஓடுவது சுத்திகரித்த நீரும் சுத்திகரிக்காத நீரும்தான். முகத்துவாரத்தில் கடல் கொண்டுவந்து குவிக்கும் மணல்திட்டு வேறு, ஓதத்தில் கடல்நீர் ஏறி இறங்கி ஆற்றை அலசுவதைத் தடுக்கிறது. நேப்பியர் பாலத்தருகே மணலை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நல்ல ஓட்டமுள்ள ஆற்றிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறையும் இடம் கழிவு விழும் வாயில் அல்ல. அங்கிருந்து ஓரிரு நாள் ஓட்டத் தூரத்துக்குக் கீழே. அதுவரை பாக்டீரியா தின்னும் வேகம், காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையும் வேகத்தைத் தோற்கடிக்கும்; இரண்டும் சமமாகும் புள்ளி அது. அதன்பின் ஆறு மெல்ல மீளும். ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்டிரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925இல் இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். ஆகவே வாயிலருகே மட்டும் மாதிரி எடுத்து ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்வது தவறு.

பி.ஓ.டி. காட்டாத கடன்

நிலையம் விட்டுவிடும் பொருள்களில் முக்கியமானது அமோனியா. வீட்டுக் கழிவுநீரில் அமோனியா நைட்ரஜன் 25 முதல் 40 மி.கி. வரை வரும். பி.ஓ.டி.க்காக மட்டும் வடிவமைத்த பழைய நிலையம் இதில் பெரும்பகுதியை அப்படியே வெளியே விடுகிறது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. கசடு தொட்டியில் தங்கும் நாள்கள் குறைவாக இருந்தால் அவை நிலைப்பதற்குள் வெளியே போய்விடும். ஒரு கிலோ அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும்.

மேலே சொன்ன 60 எம்.எல்.டி. நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் நீரில் 25 மி.கி. அமோனியா நைட்ரஜன் இருந்தால் நாளுக்கு 1,500 கிலோ. அதற்கு ஆறு கொடுக்க வேண்டிய ஆக்சிஜன் 6,855 கிலோ. அறிக்கையில் காட்டும் பி.ஓ.டி. சுமையோ 1,200 கிலோ. ஐந்து மடங்குக்கு மேல் பெரிய கடன், ஐந்து நாள் சோதனையில் பெரும்பாலும் முழுமையாகத் தெரியாமல் ஆற்றின் தலையில் ஏறுகிறது. 2017 அறிவிக்கையில் நைட்ரஜனுக்கு வரம்பே இல்லை என்பது அதன் பெரிய குறை. தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜன் 10 மி.கி. என்று வரம்பு கூறியது மிகச் சரியானது.

அமோனியா மீனுக்கு நேரடி நஞ்சும்கூட. நீர் சூடாகவும் காரமாகவும் ஆக, நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறும். பாசி மண்டிய நீரில் பிற்பகலில் காரத்தன்மை உயர்வதால் அந்த நேரம் ஆபத்தானது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்து ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடினால் காற்று கரையாது, கொசு பெருகும், மழைக்காலத்தில் பாலங்களை அடைக்கும். செடியை அகற்ற ஆண்டுதோறும் செலவு செய்யும் ஊர், அதன் உரம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நிலையத்துக்கு வராத நீர்

ஆற்றை உண்மையில் கொல்வது இதுதான். ஒரு பகுதியில் நாளுக்கு 100 எம்.எல்.டி. கழிவுநீர் உண்டாகிறது, அதில் 90 நிலையத்துக்கு வந்து 20 பி.ஓ.டி.யில் வெளியேறுகிறது. ஆற்றில் சேரும் சுமை 1,800 கிலோ. மீதி 10 எம்.எல்.டி. மட்டும் மழைநீர் வடிகால் வழியாக 250 பி.ஓ.டி.யோடு நேராக ஆற்றில் இறங்குகிறது. சுமை 2,500 கிலோ. பத்தில் ஒரு பங்கு நீர், மற்ற ஒன்பது பங்கையும்விட அதிகம் கெடுக்கிறது.

இப்போது பணம் எங்கே போட வேண்டும் என்று பாருங்கள். நிலையத்தை மேம்படுத்தி 20ஐ 10 ஆக்கினால் 900 கிலோ குறையும். தப்பி ஓடும் பத்தில் பாதியை, அதாவது 5 எம்.எல்.டி.யை மட்டும் குழாயில் சேர்த்து நிலையத்துக்குக் கொண்டுவந்தால் 1,150 கிலோ குறையும். பெரிய நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு. தெருவைத் தோண்டி வீட்டு இணைப்பு கொடுப்பதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனாலும் ஆற்றுக்கு முதலில் தேவை அந்தத் தெருவேலைதான்.

தப்பி ஓடும் வழிகள் பல. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களிலும், இருந்தும் இணைப்புப் பெறாத வீடுகளிலும் கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகிறார்கள். உந்து நிலையத்தில் மின்தடையோ பம்புப் பழுதோ ஏற்பட்டால், கழிவுநீர் தேங்கும் அதன் கிணறு நிரம்பி அருகிலுள்ள கால்வாயில் வழியும். உணவகங்களின் எண்ணெய் குழாய்ச் சுவரில் கெட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். மேட்டுத்தெருவில் அடைத்தால் பள்ளத்தெருவில் பொங்கும். தலைகீழான தவறும் நடக்கிறது: மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவது. 100 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரு குடும்பம் பல நாள்களில் உண்டாக்கும் கழிவுநீருக்குச் சமமான அளவு, சில மணி நேரத்தில் குழாய்க்குள் நுழைகிறது. நிலையம் தாங்காது, உபரியைச் சுத்திகரிக்காமலே திறந்துவிட வேண்டிவரும். கசட்டையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் மழை நின்ற பிறகும் சில நாள் நிலையம் தள்ளாடும்.

நீரை ஆலைக்குக் கொடுத்தால்?

2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. அளவில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு தொடங்கியது. இரண்டாம் நிலை நீரை நுண்சவ்வில் வடிகட்டி, பிறகு ஆர்.ஓ. மூலம் உப்பு நீக்கி ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கமும், கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர் பக்கமும் போகிறது. அந்த அளவு ஏரிநீர் குடிக்க மிஞ்சும் என்பதால் இது நல்ல திட்டம். ஆற்றின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். கோடையில் கூவத்தில் ஓடும் ஓரளவு தெளிந்த நீர் இந்த நிலைய நீர்தான். அதை எடுத்துவிட்டு, வடிகால்களில் தப்பி வரும் சாக்கடையை நிறுத்தாமல் விட்டால் ஆற்றில் எஞ்சுவது சாக்கடை மட்டுமே. ஆர்.ஓ. ஒதுக்கும் உப்பும் நைட்ரஜனும் செறிந்த நீர் எங்கே போகிறது என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

உங்கள் ஊர் நிலையத்தின் அறிக்கை கையில் கிடைத்தால் வெளியேறும் பி.ஓ.டி.யோடு நிறுத்தாதீர்கள். அமோனியா எண் இருக்கிறதா பாருங்கள். உள்ளே வரும் நீரின் பி.ஓ.டி.யையும் பாருங்கள், மழையில்லா மாதத்திலும் அது 100க்குக் கீழே இருந்தால் உடைந்த குழாய் வழியாக நிலத்தடி நீரோ கால்வாய் நீரோ கலந்து வருகிறது. பிறகு கொள்ளளவையும் நாள்தோறும் வந்த நீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடுகள் நிரம்பிய பகுதியில் 120 எம்.எல்.டி. நிலையத்துக்கு 80 மட்டும் வருகிறது என்றால், அடுத்துத் தேட வேண்டிய இடம் அந்தப் பகுதியின் மழைநீர் வடிகால்கள் ஆற்றில் இறங்கும் வாய்கள். மழை பெய்து ஒரு வாரமான பிறகும் அவற்றில் நீர் ஓடினால் அது மழைநீர் அல்ல.